காய்ச்சலோடு மலையேறியவர்கள்

போன நவம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை மூன்றரை மணிக்கு, எங்கள் வீரபாண்டி வீட்டு அடுப்படியில் விளக்கைப் போடாமல் நின்று ஒரு பாராசிட்டமால் 650 விழுங்கினேன். விளக்கைப் போட்டால் மனைவி எழுந்துவிடுவாள். எழுந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். தொட்டால் அன்றைய பயணம் அவ்வளவுதான்.

வியாழக்கிழமை ராத்திரியே உடம்பு கணகணவென்று இருந்தது. வெள்ளி முழுக்கக் காய்ச்சல். சனிக்கிழமை மாத்திரை போட்டதும் விட்டது, அப்புறம் வந்தது, மறுபடி மாத்திரை. எங்க ஊர்ப் பக்கம் இதை "மேலுக்கு சொகமில்ல" என்று சொல்வோம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பயணத்தை ஏற்பாடு செய்தவனே நான்தான். கொரோனா காலத்தில் பெங்களூரிலிருந்து லேப்டாப்போடு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. வந்த இடத்தில் மலைச் சைக்கிள் பைத்தியம் பிடித்தது, எட்டுப் பேர் சேர்ந்தார்கள். நாங்கள் போட்டதிலேயே கடினமான பாதை அன்றைக்குத்தான். வீரபாண்டியில் கிளம்பி சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாக லோயர் கேம்ப். அங்கிருந்து மலையேறி குமுளி. அப்புறம் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே ஆனக்கரை, செல்லார்கோவில் பக்கம் கல்லும் மண்ணுமான பாதை. கடைசியாகக் கம்பம்மெட்டு வழியாகக் கீழே. ரெண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் வரைபடம் போட்டு, "யாரும் கடைசி நேரத்துல காலை வாரக் கூடாது" என்று மிரட்டி வைத்திருந்தவன் நான்.

கையில் கட்டியிருந்த கடிகாரம் ஓய்வில் என் இதயத் துடிப்பு 84 என்று காட்டியது. வழக்கமாக 58. காய்ச்சலில் உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் எட்டிலிருந்து பத்து வரை கூடும். 19-ஆம் நூற்றாண்டில் லீபர்மைஸ்டர் என்ற ஜெர்மன் மருத்துவர் கவனித்துச் சொன்ன கணக்கு இது. டாஷ்போர்டு முழுக்கச் சிவப்பு எரியும்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் புரொடக்‌ஷனில் கை வைக்கிற ஜூனியரை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன்! கடிகாரத்தை முழுக்கைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுக் கிளம்பினேன்.

பைபாஸ் டீக்கடையில் எல்லோரும் நின்றார்கள். குழுவிலேயே சின்னவன், செல்போன் கடையில் வேலை பார்க்கிற தம்பி, கொஞ்சம் வாடியிருந்த மாதிரி இருந்தது.

"என்னண்ணே, மேலுக்கு முடியலையா? கண்ணு செவந்திருக்கு" என்றான் அவன்தான்.

"லேசாக் காய்ச்சடா. மலை ஏறினா வேர்த்து எறங்கிரும். வண்டிய எடு."

இந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதற்குள் போவதற்கு முன்னால் மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

லோயர் கேம்ப் வரை, ஏறக்குறைய 50 கிலோமீட்டர், ஒன்றும் தெரியவில்லை. கூடலூர் திராட்சைத் தோட்டங்களில் பனி, குளிர்ந்த காற்று, பேச்சு. பாராசிட்டமாலின் ஆயுள் நான்கிலிருந்து ஆறு மணி நேரம். எட்டரை மணிக்கு, மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் தெரிகிற வளைவில், அந்த ஆயுள் முடிந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாந்தி எடுத்தேன். பல் கிட்டியது. அப்போதும் திரும்பவில்லை. குமுளியில் கட்டஞ்சாயா குடித்துவிட்டு இன்னொரு மாத்திரை. செல்லார்கோவிலுக்கு முன்னால் ஒரு கல் ஏற்றத்தில் எனக்குப் பின்னால் "பொத்"தென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் தம்பி விழுந்து கிடக்கிறான். உதடு காய்ந்து, முகம் வெளிறி. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவனுக்கு வயிற்றுப்போக்கு. ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

ஏலத்தோட்டத்து ஜீப் ஒன்று எங்கள் இருவரையும், சைக்கிள்களையும், நாலு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு குமுளிக்கு இறக்கியது. அவனுக்கு ஒரு நாள் குளுக்கோஸ் ஏற்றியதில் சரியாகிவிட்டது. எனக்கு மறுநாள் ரத்தப் பரிசோதனையில் டெங்கு. தட்டணுக்கள் 42,000 வரை இறங்கி, நாலு நாள் ஆஸ்பத்திரிப் படுக்கை. டெங்குவின் குணம் என்னவென்றால், காய்ச்சல் விடுகிற நாள்தான் ஆபத்தான நாள். ஆள் தேறிவிட்டோம் என்று நினைக்கும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் ரத்த நாளங்களிலிருந்து நீர் கசியும், அழுத்தம் சரியும். அந்த நேரத்தை நெருங்கிக்கொண்டிருந்த உடம்பை நான் மலைமேல் மிதித்து ஏற்றியிருக்கிறேன்.

ஜீப்பில் தம்பியிடம் கேட்டேன், ஏண்டா சொல்லல என்று.

"நீங்களே காய்ச்சலோட வர்றீங்க. நான் வயித்தால போகுதுன்னு எப்பிடிண்ணே சொல்றது?"

ஆஸ்பத்திரிப் படுக்கையில் எனக்கு வேறு வேலை இல்லை. போனில் வெகுநாளாகச் சேர்த்து வைத்திருந்த பெரியாறு அணைக் குறிப்புகளைத் திறந்தேன். நான் வாந்தி எடுத்த அந்த மலைப்பாதையில், 130 வருஷத்துக்கு முன்னால், என்னைவிட மோசமான உடம்போடு ஏறியவர்களும் உண்டு, ஏற மறுத்தவர்களும் உண்டு. இதுவரை ஏறியவர்களைப் பற்றி மட்டும்தான் குறிப்பெடுத்து வந்திருக்கிறேன் என்பது அந்தப் படுக்கையில்தான் உறைத்தது.

நம் பக்கத்து ஆட்களுக்குப் பெரியாறு அணைக் கதை மனப்பாடம். மேற்கே ஓடிக் கடலில் சேரும் தண்ணீரைக் கிழக்கே திருப்பும் யோசனை 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை காலத்தில் வந்தது. 1808-ல் ஜேம்ஸ் கால்டுவெல் வந்து பார்த்து, நடக்காத காரியம் என்று எழுதினார். 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய். 1887-ல் வேலை தொடக்கம், 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். நடுவே ஜான் பென்னிகுவிக். அவர் சீமையில் இருந்த சொத்தை விற்றுக் கட்டினார் என்ற கதையை நானும் சின்ன வயசில் கண்கலங்கக் கேட்டவன்தான்; நான் படித்த அந்தக் கால ஆவணம் எதிலும் அது இல்லை. அதனால் அவர் உழைப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஜனவரி 15, அவர் பிறந்த நாளில், எங்களுக்குப் பக்கத்துப் பாலார்பட்டியில் அவர் பேரில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-ல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது. அன்று காலையில் அதைத் தாண்டித்தான் போனோம்.

இந்தக் கதையில் 1808-க்கும் 1886-க்கும் நடுவில் எல்லோரும் தாண்டிப் போகிற ஒரு வருஷம் இருக்கிறது. 1850.

அந்த வருஷம் சென்னை அரசாங்கம் பெரியாற்றில் ஒரு சிறிய அணை கட்ட முயன்றது. கைவிட்டது. காரணம் வெள்ளமோ பாறையோ இல்லை. அந்த இடம் மனிதர் தங்குவதற்கு லாயக்கில்லாத நோய்க்காடு, இங்கே வேலை செய்ய வேண்டுமானால் கூலி அதிகம் வேண்டும் என்று கூலியாட்கள் கேட்டார்கள். அவ்வளவுதான், வேலை நின்றது. திட்ட வரலாற்றில் இது ஒரே வாக்கியம். படிக்கிறவர்களும் கூலித் தகராறு என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் நகர்ந்திருக்கிறேன். என் பழைய குறிப்பில் "1850 - லேபர் பிரச்சனை" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

காய்ச்சலில் படுத்துக்கொண்டு படித்தபோது அந்த வாக்கியம் வேறு மாதிரி இருந்தது. அந்த ஆட்கள் சொன்னது என்ன? இந்த மலையில் தங்கினால் காய்ச்சல் வரும். அது உண்மையா? முழு உண்மை. அன்றைக்கு மருத்துவத்துக்கு மலேரியாவைப் பற்றித் தெரிந்தது எவ்வளவு? பேரைப் பார்த்தாலே தெரியும்: இத்தாலிய மொழியில் கெட்ட காற்று. சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சு ஆவிதான் காய்ச்சலைத் தருகிறது என்று படித்தவர்கள் நம்பினார்கள். ரத்தத்தில் இருக்கும் கிருமியை அல்ஜீரியாவில் லவரான் பார்த்தது 1880-ல். அதைக் கொசு சுமக்கிறது என்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தது 1897 ஆகஸ்ட் 20-ல். அதாவது பெரியாறு அணையைக் கட்டி முடித்து, திறப்பு விழாவும் நடந்து ஏறக்குறைய ரெண்டு வருஷம் கழித்து. அணை கட்டின எட்டு வருஷமும், தலைமைப் பொறியாளரிலிருந்து கல் சுமந்தவர் வரை, கொசுதான் காரணம் என்று தெரிந்த ஆள் அங்கே ஒருத்தர்கூட இல்லை. அந்த நிலையில் உயிரைக் காக்க இருந்த ஒரே நம்பகமான வழி, அங்கே போகாமல் இருப்பது. 1850-ல் கூலியாட்கள் தேர்ந்தெடுத்தது அதைத்தான். அந்த விஷயத்தில் பொறியாளரின் அறிவும் கூலியாளின் அறிவும் ஒரே மட்டம். உடம்பைப் பணயம் வைக்கப் போகிறவர் கூலியாள் என்பதால் அவர் கொஞ்சம் கூடுதலாகவே யோசித்திருக்கிறார்.

அப்படியானால் 1887-ல் மட்டும் ஏன் ஏறினார்கள்? மலை அதே மலை. காய்ச்சல் அதே காய்ச்சல்.

இதற்கு என் பதில் ஊகம் கலந்தது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் ரெண்டு விஷயம் நடந்திருக்கிறது. ஒன்று, 1876-லிருந்து 1878 வரையான தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போன பஞ்சம். அதைப் பார்த்துப் பிழைத்த தலைமுறைக்குக் கூலி என்ற சொல்லின் எடையே வேறு. பெரியாறு திட்டத்தைத் திரும்பத் தூசு தட்டி எடுக்க அரசாங்கத்தைத் தள்ளியதில் அந்தப் பஞ்சத்துக்குப் பங்கு உண்டு. காய்ச்சல் மலைக்கு ஆட்களைத் தள்ளியதிலும் அதற்குப் பங்கு இருந்திருக்க வேண்டும்.

ரெண்டாவது, ஒரு சட்டம். 1859-ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது சட்டம், வேலையாட்கள் ஒப்பந்த முறிவுச் சட்டம். கல்கத்தா வியாபாரிகள் கேட்டு வாங்கியது. முன்பணம் வாங்கிய வேலையாள் வேலையை விட்டுப் போனால் அது கடன் பாக்கி மாதிரி சிவில் வழக்கு இல்லை, குற்றம். மாஜிஸ்திரேட் அவரைத் திரும்ப வேலைக்கு அனுப்பலாம், மறுத்தால் மூன்று மாதம் வரை சிறை. தென்னிந்திய மலைத் தோட்டங்களில் இந்தச் சட்டம் நன்றாகவே புழங்கியது. கங்காணி ஊருக்கு வருவார், முன்பணம் கொடுப்பார், ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலை ஏறுவார். நம் போடி, கம்பம் பக்கத்திலிருந்து கண்ணன் தேவன் மலைக்கும் இப்படித்தான் சனம் ஏறியது. முன்பணம் வாங்கியபின் "மேலுக்கு முடியல, வரல" என்று சொன்னால் அது வெறும் சொல் இல்லை, வழக்கு. 1850-ல் இந்தச் சட்டம் இல்லை. அது ரத்தாவதற்கு 1920-கள் வரை ஆனது.

டாக்டர் பி. எச். டேனியல் 1969-ல் எழுதிய 'ரெட் டீ' நாவல் வால்பாறைத் தோட்டங்களில் இதே கங்காணிக் கதையைச் சொல்கிறது, தமிழில் இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று கொண்டு வந்தார். பாலாவின் 'பரதேசி' படத்துக்கு மூலமும் அதுதான். டேனியல் தோட்டத்தில் வேலை பார்த்த மருத்துவர் என்பதால் காய்ச்சல் வரும் இடங்களில் அவர் எழுத்தை நான் சாட்சியாகவே படிக்கிறேன்.

இனி அந்தக் காய்ச்சலைப் பற்றி. நம் ஊர்ப் பாட்டிமார் அதை முறைக்காய்ச்சல் என்பார்கள். மலேரியாவில் பரவலான ஒரு வகை, வைவாக்ஸ், 48 மணி நேரச் சுழற்சியில் வரும். ஒரு நாள் பல் அடித்துக்கொள்ளும் குளிர், பிறகு அனல், பிறகு வேர்வை, எல்லாம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மறுநாள் ஆள் தெம்பாக இருப்பார். சாப்பிடுவார், எழுந்து நடப்பார், வேலைக்கும் போவார். அதற்கு மறுநாள் திரும்ப விழுவார். கிருமிகள் ரத்தச் சிவப்பணுக்களுக்குள் பெருகி, ஒரே நேரத்தில் உடைத்துக்கொண்டு வெளியே வருவதுதான் இந்த முறையின் ரகசியம். கம்ப்யூட்டர்காரன் பாஷையில், 48 மணிக்கு ஒரு தடவை ஓடும் கிரான் ஜாப்.

இதை ஒரு மலைமுகாமில் வைத்துப் பாருங்கள். காய்ச்சல் இல்லாத நாளில் அந்த ஆள் கண்ணுக்கு நல்லாத்தான் இருப்பார். மேஸ்திரி கூப்பிட்டால் என்ன சொல்லி மறுப்பது? நேற்று படுத்திருந்தான், இன்றைக்கு எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறான், அப்படியானால் நடிக்கிறான். ஆள் தப்பித்து ஊருக்கு ஓட நினைத்தாலும் அதே நல்ல நாளில்தான் ஓட முடியும். கூடலூரையோ கம்பத்தையோ நோக்கி இறங்குவார், மறுநாள் வழியில் விழுவார். என் பாராசிட்டமால் எனக்குச் செய்ததை அந்தக் கிருமியே அவர்களுக்குச் செய்திருக்கிறது. நடுவில் கொஞ்ச நேரம் நல்லவிதமாக இருக்கும், அந்த நேரத்தை நம்பித்தான் எல்லோரும் முடிவெடுப்பார்கள்.

மருந்து இல்லாமல் இல்லை. கொய்னா என்று நம்மவர்கள் சொன்ன குயினைன் 1820-லேயே பிரித்தெடுக்கப்பட்டுவிட்டது. அதைத் தரும் சிங்கோனா மரம் 1860-களிலிருந்து நீலகிரியில் வளர்ந்தது. மூணாறு மலையில் தேயிலைக்கு முன்னால் வெள்ளைக்காரத் துரைகள் போட்டுப் பார்த்த பயிர்களில் காப்பியோடு சிங்கோனாவும் ஒன்று. ஆக, காய்ச்சலும் அதற்கான மரமும் ஒரே மலைத்தொடரில்தான் இருந்தன. மருந்து இருப்பது வேறு, அது கல் சுமக்கிறவர் வாய்க்கு வேளாவேளைக்கு வந்து சேர்வது வேறு.

அணை கட்டிய காலத்தில் நோயில் இறந்து அணைக்கு வடக்கே இருக்கும் கல்லறையில் புதைக்கப்பட்டவர்கள் 483 பேர் என்று ஒரு எண் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. திட்டத்தில் வேலை பார்த்த பொறியாளர் ஏ. டி. மெக்கன்சி 1899-ல் எழுதிய 'பெரியாறு திட்ட வரலாறு' புத்தகத்தில் வெள்ளம், சுண்ணாம்பு, பாறை இவற்றோடு காய்ச்சலும் ஆள் பற்றாக்குறையும் பாத்திரங்களைப் போலவே வந்து போகின்றன. ஆனால் 483 என்ற எண்ணை நான் ஒரு பொறியாளனாகச் சந்தேகிக்கிறேன். எண் தப்பு என்பதற்காக இல்லை. அது எதை எண்ணியது என்பதற்காக. மலையில் இறந்து மலையில் புதைத்தவர்களை அது எண்ணியிருக்கிறது. காய்ச்சலோடு இறங்கி, கம்பத்துச் சத்திரத்திலோ உத்தமபாளையத்து ரோட்டோரத்திலோ, தன் ஊர்த் திண்ணையிலோ செத்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். சர்வர் விழுந்தால் அது விழுந்த செய்தியை அந்த சர்வரே பதிவு செய்யாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

இதே வருஷங்களில் உலகத்தின் இன்னொரு மூலையில் இதைவிடப் பெரிய கூத்து. பனாமாவில் பிரெஞ்சுக்காரர்கள் 1881-ல் கால்வாய் தோண்டத் தொடங்கினார்கள். மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் தாக்கின. 1889-ல் கம்பெனி திவால். இறந்தவர்கள் சுமார் 22,000 என்பது மதிப்பீடு. அங்கே ஆஸ்பத்திரியில் கட்டில் ஏறும் எறும்பைத் தடுக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்திருந்தார்களாம். கொசு வளர்ப்பதற்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. 1904-ல் அமெரிக்கர்கள் வந்தபோது ராஸ் கண்டுபிடித்தது கையில் இருந்தது. கோர்காஸ் என்ற ராணுவ மருத்துவர் முதலில் கொசுவைத்தான் அடித்தார். பனாமாவோடு ஒப்பிட்டால் பெரியாறு சின்ன எண். ஆனால் பனாமாவுக்குக் கிடைத்த அந்த ரெண்டாவது வாய்ப்பு பெரியாற்று ஆட்களுக்குக் கிடைக்கவில்லை. கொசுவைத் தெரிந்துகொள்வதற்கு ரெண்டு வருஷம் முன்னாலேயே வேலையை முடித்துவிட்டார்கள்.

சைக்கிள்காரர்களுக்கு ஒரு பெயர் தெரிந்திருக்கும். டாம் சிம்ப்சன். 1965-ன் உலக சாம்பியன், ஆங்கிலேயர். 1967 டூர் டி பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலைக் கட்டத்திலேயே அவருக்கு வயிற்றுக் கோளாறு, சாப்பிட்டது தங்கவில்லை. விலகிவிடு என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் அந்த வருஷம் நல்ல இடத்தில் முடித்தால்தான் அடுத்த வருஷப் பணம். ஜூலை 13, மோன் வாந்து மலை, கொளுத்தும் வெயில். உச்சிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு முன்னால் அவர் முடிந்துபோனார். ஒரு தடவை விழுந்தவரைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்திருக்கிறார்கள், அவரே கேட்டுக்கொண்டதால். கொஞ்ச தூரத்தில் திரும்ப விழுந்தவர் எழவில்லை. வயது 29. உடம்பில் ஊக்கமருந்தும் மதுவும் இருந்தன, அதனால் அவரைத் தியாகி என்று சொல்ல எனக்கு மனசில்லை. என்றாலும் நோயும் வெயிலும் கூலியும் ஒரே மலையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு, காமிரா முன்னால் நடந்த சாட்சி அது. அவர் விழுந்த இடத்தில் நினைவுக்கல் இருக்கிறது. அந்த வழியாக ஏறும் சைக்கிள்காரர்கள் தொப்பியோ தண்ணீர்ப் புட்டியோ வைத்துவிட்டுப் போவார்கள். நம் 483 பேருக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு செங்கல்லைக்கூட நான் பார்த்ததில்லை. கல்லறை இருக்கும் இடமோ புலிகள் காப்பகக் காட்டுக்குள்.

இப்போது என்னிடம் வருகிறேன். கூலியாளுக்குச் சட்டமும் பசியும். சிம்ப்சனுக்கு அடுத்த வருஷப் பணம். எனக்கு? ஒரு வாட்ஸ்அப் குழு. எனக்கு யாரும் முன்பணம் தரவில்லை. போகாமல் இருந்தால் எந்த மாஜிஸ்திரேட்டும் தேடப் போவதில்லை. கழுத்துக்கு மேலே மூக்கடைப்பு, தும்மல் என்றால் மெதுவாக ஓட்டலாம், கழுத்துக்குக் கீழே நெஞ்சுச் சளி, உடம்பு வலி, வயிற்றுக் கோளாறு, அல்லது காய்ச்சல் என்றால் வண்டியைத் தொடாதே என்று 1990-களில் ராண்டி ஐக்னர் என்ற அமெரிக்க மருத்துவர் சொன்ன விதி எனக்குத் தெரியும். நானே அதைக் குழுவில் போட்டிருக்கிறேன். வைரஸ் காய்ச்சலோடு உடம்பை வருத்தினால் இதயத் தசையே வீங்கும் அபாயம் உண்டு என்றும் தெரியும். ராஸுக்கு முந்தைய ஆட்களுக்கு இல்லாத அத்தனை அறிவும் சட்டைக்கைக்குள் துடித்துக்கொண்டிருந்தது.

இதிலும் மோசம், நான் கூலியாள் இல்லை என்பது. அந்த எட்டுப் பேரில் நான்தான் கங்காணி. "லேசாக் காய்ச்சடா, வண்டிய எடு" என்று நான் சொன்னபோது ஒரு வீரவசனம் பேசியதாகத்தான் நினைத்தேன். தம்பி காதில் அது ஒரு விதியாக விழுந்திருக்கிறது. மேஸ்திரி காய்ச்சலோடு நிற்கிற வரிசையில் வயிற்றுவலி என்று சொல்ல எவனுக்கும் வாய் வராது. 1850-ல் அந்த ஆட்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டதால்தான் கேட்க முடிந்திருக்கிறது. ஒருத்தர் மட்டும் தனியாகச் சொல்லியிருந்தால் அவர் சோம்பேறி என்று பேர் எடுத்திருப்பார்.

எங்க வீரபாண்டியே ஒரு நோயாளியின் ஊர்தான் என்று சொல்லலாம். பார்வை இழந்த வீரபாண்டிய மன்னன் இங்கே தவமிருந்து, கௌமாரியம்மனிடம் ஒரு கண்ணும் கண்ணீசுவரமுடையாரிடம் மறு கண்ணும் பெற்றான் என்பது தல வரலாறு. சித்திரைத் திருவிழாவில் அம்மை கண்டு தேறியவர்களும், காய்ச்சலில் நேர்ந்துகொண்டவர்களும் தீச்சட்டி எடுப்பார்கள், ஆயிரங்கண் பானை எடுப்பார்கள். அதற்கு முன்னால் கம்பம் நட்டு, முல்லையாற்றில் குளித்து ஈரத்தோடு தண்ணீர் மொண்டு வந்து ஊற்றுவார்கள். எங்க அப்பத்தா வருஷம் தவறாமல் ஊற்றியவர். அந்த ஆற்றில் கோடையிலும் தண்ணீர் ஓடுவதற்குக் காரணம், மலைக்கு மேலே குடைந்த அந்தச் சுரங்கம். பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் இறங்கி, வைரவனாற்றில் சேர்ந்து, சுருளியாற்றோடு கலந்து, எங்கள் கோயில் படித்துறையைத் தொட்டுக்கொண்டு வைகைக்குப் போகிறது. காய்ச்சலுக்கு நேர்ந்துகொண்டு ஊற்றும் தண்ணீர், காய்ச்சலில் விழுந்தவர்கள் திருப்பிவிட்ட தண்ணீர். நாற்பது வருஷமாக அதில் குளிக்கிறேன், ஒரு தடவைகூட இப்படி யோசித்ததில்லை.

சின்ன வயசில் மலேரியாக்காரர் என்று ஒருவர் சைக்கிளில் வருவார். காய்ச்சல் யாருக்காவது இருக்கா என்று வீடு வீடாகக் கேட்டு, விரலில் ஊசி குத்திக் கண்ணாடிச் சில்லில் ரத்தம் எடுப்பார், வாசல் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார். நாங்கள் அவரைப் பார்த்தால் வைக்கோல் படப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம். காய்ச்சல் இருக்கா என்று ஒரு ஆள் வாசலில் வந்து கேட்பதும், இருக்கு என்று பயமில்லாமல் சொல்வதும் எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தெரியாது.

குறிப்பேட்டில் 1850-க்கு எதிரே இருந்த "லேபர் பிரச்சனை"யை அடித்துவிட்டேன். "நோய் காரணமாக ஆட்கள் மறுத்தார்கள்" என்று எழுதியிருக்கிறேன்.

போன மாதம் திரும்பவும் ஒரு பயணம் போட்டோம். இந்தத் தடவை போடிமெட்டு. முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்குத் தம்பி குழுவில் எழுதினான்: "அண்ணே, தொண்ட வலி, லேசா காய்ச்ச. நாளைக்கு வரல." அடுத்த அஞ்சு நிமிஷத்தில் இன்னொருத்தர், பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருப்பவர், தனக்கும் ரெண்டு நாளாக உடம்பு சரியில்லை என்று போட்டார். ஆறு பேர் போனோம்.